பக்கத்தில் நிற்கும் சொல்லைக் கேளுங்கள்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 26 வயது ஆகிறது. மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும் பிறகு ஆங்கில வழியிலும் படித்தேன். மூன்று ஆண்டுகளாக அந்தேரியில், வெளிநாட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர், 'திருத்திய நிபந்தனைகளை வியாழக்கிழமைக் கூட்டத்தில் டேபிள் செய்வோம்' என்று எழுதியிருந்தார். கூட்டத்தில் முன்வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, இரண்டு இரவு கண்விழித்து 14 பக்க அறிக்கை தயாரித்தேன். கூட்டத்தில் அவர், 'இதைத் தள்ளிவைக்கலாம் என்றல்லவா எழுதினேன்?' என்று வியப்போடு கேட்டார். மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும், 'உனக்கு அடிப்படை ஆங்கிலமே தெரியவில்லை' என்று சொல்லிவிட்டார். அன்று முதல் 200 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் உள்ள பொருள்களையெல்லாம் எழுதி மனப்பாடம் செய்கிறேன். மனத்தில் நிற்கவில்லை. இதற்கு வேறு வழி உண்டா? நல்ல அகராதி எது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அம்மாவின் வயிற்று ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருக்கிறார்கள். அகராதியில் பார்த்தால் 'சொல்லிக்கொள்ளும்படி இல்லாத' என்று இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கு முதலில் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல்லைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. காரணத்தைக் கடைசியில் விளக்குகிறேன். அதற்குள் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்குள் முள்ளாகத் தைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது.

அன்று நேர்ந்தது அடிப்படை ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழை அன்று. 'டேபிள் செய்தல்' என்பதற்கு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரு பொருள் இருக்க, அமெரிக்காவில் அதற்கு நேர் எதிரான பொருள் வழங்குகிறது. நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை 'அவையின் மேசைமீது வைக்கப்பட்டது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம்; உறுப்பினர்களின் பார்வைக்கு அது வந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். அமெரிக்க மன்றங்களில் ஒரு தீர்மானத்தை மேசைமீது வைத்துவிட்டார்கள் என்றால், இப்போதைக்கு அதைத் தொடப்போவதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைத்தலைமையினர் அவசரமான ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய விரும்புவதாகச் சொல்ல, அவசரமான ஒன்றை எதற்காக இழுப்பறைக்குள் தள்ள வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பினர் எதிர்க்க, நீண்ட நேரம் கசப்பான வாக்குவாதம் நடந்தபிறகுதான் இருவரும் ஒரே கருத்தில் இருந்தது தெரியவந்தது என்று வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். அந்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலம்தான் தாய்மொழி. அவர்களே தடுக்கி விழுந்த கல்லில்தான் நீங்களும் தடுக்கினீர்கள். உங்கள் மேலதிகாரிக்கு இது தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் 200 பக்க நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் செய்துகொண்டிருப்பது நம் முன்னோர் செய்ததுதான். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அதிலும் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியான 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி'யைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனால் அது செய்யுளாக இருந்தது. எதுகையும் மோனையும் பொருளை இழுத்துக்கொண்டு வந்தன. உங்கள் நோட்டில் அப்படி இழுத்துவரும் கயிறு எதுவும் இல்லை. அதோடு பட்டியலின் நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. பின்னர் அதே அகராதிக்காக 'ரன்' என்ற சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர், அந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்து, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் கண்டார். ஆங்கிலேயர் எவரும் அந்த 645-ஐயும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் நாள் முழுவதும் அந்தச் சொல்லைத் தடையில்லாமல் புழங்குகிறார்கள்.

அது எப்படி முடிகிறது என்பதற்கு விடை உங்களிடமே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்காவில் என்னோடு மொழிபெயர்ப்பு வேலை செய்த மராத்தி நண்பர் ஒருவர் தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். ஒரு நாள் மதிய உணவின்போது, அன்று காலையிலிருந்து நான் பேசியதில் 'போடு' என்ற சொல் வந்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். சட்டை போடுவது, டீ போடுவது, கையெழுத்துப் போடுவது, கணக்குப் போடுவது, சண்டை போடுவது, இலை போடுவது, சாப்பாடு போடுவது, தாழ்ப்பாள் போடுவது என்று எட்டு இருந்தன. 'இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?' என்று அவர் கேட்டபோது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்த எட்டையும் நான் எங்கேயும் உட்கார்ந்து படித்ததில்லை. 'தாழ்ப்பாள்' என்ற சொல் காதில் விழுந்ததுமே 'போடு' என்பதன் மற்றப் பொருள்கள் எல்லாம் தாமாகவே விலகிக்கொள்கின்றன. அதை நாம் உணர்வதுகூட இல்லை. பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது.

இதை நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே வகுத்துச் சொல்லிவிட்டது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயலில், பலபொருள் ஒருசொல்லை ஆசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, தன்னோடு வரும் வினையால் பொருள் வேறுபட்டுத் தெரிவது. மற்றொன்று, அப்படித் தெரியாதது. முதல் வகைக்குப் பொருள் காணும் வழியை 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' என்று மூன்றாகச் சொல்கிறார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். அது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். 'மாப் பூத்தது' என்றால் பூத்தல் என்ற வினையே அது மரம் என்று காட்டிவிடுகிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் கூட நிற்கும் மருத மரம், இனத்தால் காட்டுகிறது. கவசம் அணிந்து நிற்கும் வீரன் 'மாக் கொண்டு வா' என்றால், பேசுபவனும் இடமும் சேர்ந்து அது குதிரை என்று காட்டுகின்றன, அது சார்பு. இருபதாம் நூற்றாண்டில் ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம் என்று 1957-இல் எழுதியது இன்று உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நமக்கு அது புதிய செய்தியன்று.

இந்த மூன்று சாவியையும் உங்கள் மேசைக்கு வரும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். 'சாங்ஷன்' என்ற சொல் அனுமதியையும் குறிக்கும், தண்டனையையும் குறிக்கும் என்பதால் பலர் குழம்புவார்கள். எது சாங்ஷன் செய்யப்படுகிறது என்று பாருங்கள். கடன், விடுப்பு, பணியிடம், தொகை ஆகியவை என்றால் ஒப்புதல். ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு வழக்கறிஞர் என்றால் பெரும்பாலும் தண்டனை அல்லது தடை. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் ஒரு நாட்டின் பெயரும் வந்துவிட்டால் ஐயமே இல்லை. 'ஓவர்சைட்' என்ற சொல்லும் இப்படித்தான். மேற்பார்வை என்றும் பொருள், கவனக்குறைவு என்றும் பொருள். அதன் முன்னால் 'ஒன்று' என்று எண்ணிச் சொல்லும் 'ஆன்' நின்றால் அது பெரும்பாலும் நேர்ந்துபோன ஒரு தவறு. குழு, வாரியம், அதிகாரம் என்பன போன்ற சொற்கள் அருகில் நின்றால் மேற்பார்வை. இவற்றைக் கண்டுபிடிக்க அகராதி வேண்டியதில்லை. வாக்கியத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே போதும்.

சில சொற்களில் இன்னும் ஓர் உதவி கிடைக்கும். பொருள்கள் பலவாகத் தோன்றினாலும் அடியில் ஒரே சித்திரம் இருக்கும். 'சார்ஜ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம், கைப்பேசிக்கு மின்னேற்றுவது, பொறுப்பு அதிகாரி, குற்றப்பத்திரிகை, போலீஸ் தடியடி என்று அது எங்கெங்கோ போகிறது. லத்தீன் மொழியில் வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற வினை பிறந்து, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாரம் ஏற்றுதல் என்பதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் வரிசையில் வந்து நிற்கும். தடியடி மட்டும் சற்றுத் தூரத்து உறவு. தமிழிலும் குற்றத்தைச் 'சுமத்து'கிறோம், பொறுப்பைச் 'சுமக்கி'றோம், வரிச்'சுமை', கடன்'சுமை' என்கிறோம். அதே வண்டி நம் தெருவிலும் ஓடுகிறது. 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற சொல் உங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் வரும். மற்றவர்களைவிட உயர்ந்து தனித்து நிற்பவர் சிறந்தவர். தீர்க்கப்படாமல் நின்றுபோன தொகை பாக்கி. நாம் 'நிலுவை' என்று சொல்வதும் 'நில்' என்பதிலிருந்து வந்ததுதான்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஃபாஸ்ட்'. நீங்கள் மும்பைக்காரர் என்பதால் உங்களுக்கு அது முதலில் லோக்கல் ரயில்தான். எல்லா ஸ்டேஷனிலும் நிற்காமல் ஓடுவது ஃபாஸ்ட், நின்று நின்று போவது ஸ்லோ. நான் மாலை வகுப்பு நடத்தியபோது, ஊரிலிருந்து புதிதாக வந்து தாராவியில் தைக்கும் பட்டறையில் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு நாள் கேட்டார்: 'சார், கூட வேலை செய்யும் மராத்தி அக்கா இன்றைக்கு எனக்கு ஃபாஸ்ட் என்கிறார். ரயிலுக்குத்தான் அவசரப்படுகிறார் என்று நான் வழிவிட்டேன். அவரோ சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.' அது நவராத்திரி நேரம். அந்த இளைஞர் தைத்துக்கொண்டிருந்த துணியின் சுருளிலேயே 'ஃபாஸ்ட் கலர்' என்று அச்சிட்டிருந்தது. துவைத்தாலும் போகாத சாயம் என்று பொருள். வேகம், நோன்பு, போகாத சாயம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லா என்று வகுப்பே திகைத்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றால் உறுதி, அசையாமை. சாயம் துணியை உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. நோன்பிருப்பவர் மன உறுதியைப் பிடித்துக்கொள்கிறார். விமானத்தில் இருக்கைப் பட்டையை 'ஃபாசன்' செய்யச் சொல்வதும் இந்த உறுதிதான். உறுதியாக, முழு மூச்சாக ஓடுவது என்பது காலப்போக்கில் விரைவாக ஓடுவது என்று ஆயிற்று. நம் 'நோன்பு' என்ற சொல்லுக்கும் பொறுத்தலையும் வலிமையையும் குறிக்கும் 'நோன்மை' உறவு என்று சொன்னபோது, அந்த இளைஞர் அதைத் தம் நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டார். அந்தச் சொல்லை அவர் மறந்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரே வேர் தேடக் கூடாது. உங்கள் தொழிலிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. 'பாலிசி' என்றால் கொள்கை, காப்பீட்டுப் பத்திரம் என்று இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருப்பீர்கள். அவை ஒரே சொல்லே அல்ல. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போன இரண்டு சொற்கள். அரசின் கொள்கையைக் குறிப்பது, நகர அரசு என்ற பொருளுடைய 'போலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. காப்பீட்டுப் பத்திரத்தைக் குறிப்பது, ரசீது, சான்று என்ற பொருளில் இத்தாலிய வணிகர்கள் வழங்கிய 'போலிட்சா' என்பதிலிருந்து வந்தது. ஆகவே இரண்டுக்கும் நடுவே பாலம் கட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது சொல்லை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: 'ஆவரேஜ்'. பள்ளியில் அது சராசரி. காப்பீட்டில் அது முற்றிலும் வேறு வேலை செய்கிறது. தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் தீ விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். அதில் 'ஆவரேஜுக்கு உட்பட்டது' என்று ஒரு நிபந்தனை இருந்தது. எப்படியும் சராசரியாக ஒரு தொகை கைக்கு வரும் என்று அவர் அதைப் புரிந்துவைத்திருந்தார். உண்மை அதுவன்று. பட்டறையிலுள்ள சரக்கும் இயந்திரமும் 10 லட்சம் ரூபாய் பெறும், ஆனால் 5 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் ரூபாய்க்குச் சேதம் நேர்ந்தால், பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதியான 1 லட்சம்தான் கிடைக்கும். மீதியை அவரே தாங்கிக்கொள்ள வேண்டும். இதை நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியதும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு காப்பீட்டுத் தொகையை உயர்த்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

இந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். அரபியில் 'அவார்' என்றால் சரக்குக்கு நேர்ந்த சேதம். மத்தியதரைக் கடல் வணிகர்களின் வாயில் புகுந்து, இத்தாலிய மொழியில் 'அவரியா' ஆகி, பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் கொள்ளும் முடிவு. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்துவிட்டால், அந்த இழப்பைச் சரக்கு தப்பியவர்கள் உட்பட எல்லாரும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வது கடல் வணிகத்தின் பழைய அறம். அப்படிப் பங்கிட்டதிலிருந்துதான், கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு 'ஆவரேஜ்' என்ற பெயர் பின்னால் வந்தது. அதாவது நீங்கள் பள்ளியில் படித்ததுதான் இளைய பொருள். காப்பீட்டில் வழங்குவதுதான் மூத்தது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்ற 'எவர் கிவன்' கப்பலை நினைவிருக்கும். 18,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களை ஏற்றியிருந்த அந்தக் கப்பலின் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கு ஏற்க வேண்டியதாயிற்று. உங்கள் அலுவலகத்துக்குக் கப்பல் சரக்குக் கோரிக்கை வந்தால் இந்தத் தொடரைக் காண்பீர்கள்.

மூன்றாவது சாவியான சார்பு, அதாவது எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர் என்பது, உங்கள் வேலையில் மிகவும் தேவைப்படும். நீங்கள் படிக்கும்போது மட்டுமல்ல, எழுதும்போதும் அதை நினைவில் கொள்ள வேண்டும். நாம் 'ரிவர்ட்' செய்யுங்கள் என்று பதில் எழுதச் சொல்கிறோம். அமெரிக்கர் அதைப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று படிப்பார். 2019-இல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று படிப்பு முடித்ததைச் சொல்கிறோம். அவர் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும். எனக்கு ஒரு 'டவுட்' என்று நாம் கேட்பது விளக்கம். அவருக்கு அது நம்பிக்கையின்மையாகப் படும். நாம் நல்லெண்ணத்தோடு எழுதும் 'ஸ்கீம்' என்ற சொல்லில் அவர் சதியின் வாடையை உணரக்கூடும். இவற்றை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். இந்திய ஆங்கிலத்தில் இவை வேரூன்றிய வழக்குகள், இந்தியர்களுக்குள் எழுதும்போது தாராளமாகப் புழங்கலாம். கடல் கடந்து போகும் கடிதத்தில் மட்டும் இவற்றுக்குப் பதிலாக எளிய சொல்லைப் போடுங்கள்.

அப்படியானால் அந்த 'டேபிள்'? தொல்காப்பியர் சொன்ன இரண்டாம் வகை அதுதான். 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். வினையைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. அத்தகைய சொல்லைக் 'கிளந்தாங் கியலும்' என்கிறார், அதாவது இன்ன பொருள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: மாமரம் வீழ்ந்தது என்று. அந்தப் பொறுப்பைச் சொல்பவன் மேல் வைக்கிறார், கேட்பவன் மேல் அன்று. உங்கள் வாடிக்கையாளரின் வாக்கியம் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. எத்தனை முறை படித்தாலும், எத்தனை பொருள் மனப்பாடமாக இருந்தாலும் அந்த ஒரு வரியிலிருந்து விடை கிடைத்திருக்காது. எழுதியவர் அமெரிக்கர் என்ற சார்பு ஒன்றுதான் அங்கே சிறு துப்பு. அதுவும் போதாதபோது செய்ய வேண்டியது கேட்பது ஒன்றுதான். 'வியாழக்கிழமை இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறோமா, அல்லது பின்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறோமா?' என்று இரண்டு வரியில் எழுதினால் போதும். 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்று கேட்காதீர்கள். இரண்டு பொருளையும் எளிய ஆங்கிலத்தில் எடுத்துவைத்து, எது என்று கேளுங்கள். முதல் கேள்வி உங்களை மாணவியாகக் காட்டும். இரண்டாவது, வேலையில் கவனமானவர் என்று காட்டும்.

நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம், எழுதும் முறையை மாற்றுங்கள். அகராதியிலிருந்து எதையும் படியெடுக்காதீர்கள். அலுவலகத்தில் ஒரு சொல் உங்களைத் தடுக்கிவிட்டதென்றால், அது வந்த முழு வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். அந்தச் சொல்லை வட்டமிட்டு, பொருளைக் காட்டிக்கொடுத்த பக்கத்துச் சொல்லை அடிக்கோடிடுங்கள். ஓரத்தில் எழுதியவரின் நாட்டையும் துறையையும் குறித்துவையுங்கள். அந்தச் சொல்லின் வேறு பொருளை நீங்கள் நேரில் சந்திக்கும் நாளில் அடுத்த வாக்கியம் அதன் கீழே வந்து சேரும். அதுவரை அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். ஆண்டு முடிவில் 100 சொற்கள்தான் சேர்ந்திருக்கும் என்றாலும், அந்த நூறும் உங்கள் வேலையில் உண்மையாகவே வருகின்ற சொற்களாக இருக்கும்.

அகராதி கேட்டிருந்தீர்கள். தமிழ்ப் பொருளை மட்டும் காற்புள்ளியிட்டு அடுக்கும் சிறிய ஆங்கிலம்-தமிழ் அகராதியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்; எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று அது சொல்லாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் உண்டு. அவற்றில் நான் முதலில் சொல்வது 'கோபில்டு'. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வெளிவந்தது. மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி, அதிலிருந்து பொருள் கண்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியமாகவே விளக்கியிருப்பார்கள் என்பதால், பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதும் அந்த விளக்கத்திலேயே தெரிந்துவிடும். எந்த அகராதியைத் திறந்தாலும் முதல் பொருளோடு நின்றுவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உங்கள் வாக்கியத்தைப் போன்றது எது என்று தேடுங்கள்.

இப்போது அம்மாவின் அறிக்கை. நீங்கள் பார்த்த அகராதி தந்த தமிழ்தான் உங்களை அச்சுறுத்திவிட்டது. 'உடம்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை' என்று நம் வீட்டில் சொன்னால் நிலைமை சரியில்லை என்று பொருள். ஸ்கேன் அறிக்கையில் அந்த ஆங்கிலச் சொல் நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது: அந்த உறுப்பில் குறித்துச் சொல்லும்படியான மாற்றமோ கோளாறோ மருத்துவர் கண்ணில் படவில்லை. கல்லீரலுக்கு எதிரே அது இருந்தால், அந்த ஸ்கேனில் கல்லீரல் இயல்பாகத் தெரிகிறது என்று பொருள். ரத்தப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வருவதும் இப்படித்தான். அன்றாடப் பேச்சில் அது வேண்டாத சொல், நோய்ப் பரிசோதனையில் தேடிய நோய் அகப்படவில்லை என்ற நல்ல செய்தி. அறிக்கையின் முடிவில் 'இம்ப்ரெஷன்' என்று தலைப்பிட்டுச் சில வரிகள் இருக்கும். அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு மனப்பதிவு என்று பொருள்; அங்கே அது ஸ்கேனைப் படித்த மருத்துவரின் முடிவு. அந்த வரிகளையும் அம்மாவுக்கு இருக்கும் தொந்தரவையும் சேர்த்துப் பார்த்து விளக்க வேண்டியவர் மருத்துவர்தான் என்பதால், அடுத்த வாரச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். மூன்று உறுப்புக்கும் எதிரே இருக்கும் அந்தச் சொல்லின் பொருளை மட்டும் அம்மாவிடம் இன்று மாலையே சொல்லிவிடுங்கள்.